‘பரம்பரை விசர்’ என்ற பழியை உடனே நிறுத்துங்கள்

வன்னியில் ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சுக்கால் குழம்புவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. “தமையன் மனநோய் கிளினிக்குக்குப் போறவராம், உவையின்ர பரம்பரையில விசர் ஓடுது” என்று யாரோ ஒருவர் காதில் போட்டால் போதும். சாதகம் பொருந்தியிருக்கும், சீதனமும் பேசி முடிந்திருக்கும். அடுத்த கிழமை தரகர் தொலைபேசியை எடுக்கமாட்டார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இது ஊரறிந்த நடப்பு. இதைச் செய்கிறவர்கள் தாங்கள் கொடுமை செய்வதாக எண்ணுவதில்லை. வருமுன் காப்பவர்களாக, விஞ்ஞானம் தெரிந்தவர்களாகத் தங்களை எண்ணிக்கொள்கிறார்கள். படித்து, நல்ல உத்தியோகம் பார்க்கிறவர்கள்தான் இதை உறுதியான குரலில் சொல்கிறார்கள். அந்த உறுதியை நாம் கண்டிக்கிறோம். ஒரு பாதி உண்மையை எடுத்து, அதை முழுப் பொய்யாக்கி, ஏற்கெனவே நொந்துபோன குடும்பத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

பாதி உண்மை எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிசோபிரினியா என்கிற மனச்சிதைவு நோய்க்கு மரபணு அடிப்படை இருக்கிறது. அதில் ஐயமில்லை. டென்மார்க்கின் தேசிய இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, இந்த நோயில் மரபின் பங்கை 79 வீதம் என்று கணித்தது. இப்படியான எண்களை அரைகுறையாகக் கேட்டவர்கள்தான் இன்று தீர்ப்புச் சொல்லித் திரிகிறார்கள். நோயாளியின் பிள்ளைகளில் நூற்றுக்கு 79 பேருக்கு நோய் வரும் என்பது அதன் பொருளன்று. ஒரு சமூகத்தில் சிலருக்கு நோய் வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவை மரபணுக்களின் கணக்கில் எழுதலாம் என்பதையே அது சொல்கிறது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 33. மரபணுவில் அச்சொட்டாக ஒத்திருந்தும், ஒரே தாய் வயிற்றில் ஒரே காலத்தில் வளர்ந்தும், எஞ்சிய 67 பேருக்கு அந்த நோய் வரவில்லை.

இரட்டையருக்கே நிலைமை இதுவென்றால், பேச்சுக்காலில் நிராகரிக்கப்படும் தங்கையின் கதை என்ன? நோயாளியின் கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது அளவில்தான் என்று நெடுங்காலக் குடும்ப ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது நூற்றுக்கு நான்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. டென்மார்க்கில் 27 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2010இல் வெளியான கணக்கின்படி, பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேரே நோயாளரானார்கள். இருவருக்கும் இருந்தாலும்கூட நூற்றுக்கு 27 பேர்தான். இருவருக்கும் இல்லாத வீடுகளிலும் ஆயிரத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு நோய் வந்தது. அப்படியான வீடுகளே உலகில் மிக அதிகம் என்பதால், நோயாளர்களில் மிகப் பெரும்பாலானோரின் தாய்க்கோ தகப்பனுக்கோ இந்த நோய் இருந்ததே இல்லை. “எங்கட பரம்பரையில அப்படி ஒண்டும் இல்லை” என்று நெஞ்சு நிமிர்த்துகிற மாப்பிள்ளை வீட்டார் இதை வாசித்துவிட்டு அடுத்த பேச்சுக்காலுக்குப் போகட்டும்.

அவர்கள் அறியவேண்டியது இன்னும் உண்டு. விசருக்கென்று ஒரு தனி மரபணு எந்த வம்சத்திலும் ஓடவில்லை. 2022இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்த பெரும் ஆய்வு 76,755 நோயாளர்களின் மரபணுத் தொகுதியை 2,43,649 பேருடையதோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டது. ஒவ்வோர் இடமும் நோயின் வாய்ப்பைக் கூட்டுவது மிக மிகச் சிறிய அளவு. இவற்றில் பல இடங்களின் ஆபத்துக் கூறுகள் எல்லா மனிதரிடமும் கலந்து கிடக்கின்றன. தரகரிடமும் இருக்கின்றன, இதை எழுதுகிறவரிடமும் இருக்கின்றன. 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களைப் போல, வாய்ப்பு வெகுவாகக் கூடிய மிகச் சிலர் உண்டு. அவர்களில்கூட நான்கில் ஒருவர் அளவிலேயே நோய்வாய்ப்படுகிறார்கள். இரத்தத்தைச் சோதித்து ‘இவருக்கு வரும், இவருக்கு வராது’ என்று சொல்லும் சோதனை உலகில் எங்கும் இல்லை. எந்தச் சோதனையாலும் செய்ய முடியாத ஒன்றை ஊர்வாய் செய்துவிடுகிறது.

நம்மவர்களுக்கு அருகிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து நோயாளர்களிடமும் அவர்களது குடும்பத்தாரிடமும் இரத்தம் பெற்று மரபணுக்களை ஆராய்ந்தது. 3,092 பேரின் தரவைக் கொண்ட முடிவு 2019இல் வெளிவந்தது. நியாசின் என்ற பி3 விற்றமினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அது சுட்டியது. அந்தக் குடும்பங்கள் வெளியே வந்து இரத்தம் கொடுத்ததால் மருத்துவத்துக்கு ஒரு தடயம் கிடைத்தது. இங்கே இரத்தத்தைப் பற்றிய பேச்சு, குடும்பங்களைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கவைக்கிறது.

‘அந்த வீட்டோடு சம்பந்தம் வைக்காவிட்டால் நோய் ஒழியும்’ என்று வாதாடுவோருக்கு வரலாறு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1933 ஜூலை 14 அன்று ஹிட்லரின் ஜேர்மனி, பரம்பரை நோய் உள்ளவர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் சிசோபிரினியாவும் இருந்தது. மனநோயின் மரபியலை ஆராய்ந்த ஏர்னஸ்ட் ரூடின் என்ற மருத்துவரே அதற்கு விளக்கவுரை எழுதினார். நான்கு இலட்சம் பேர் அளவில் மலடாக்கப்பட்டார்கள். பிறகு கொலை தொடங்கியது. 1941 ஓகஸ்டுக்குள் எழுபதாயிரத்துக்கும் அதிகமான நோயாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். மலடாக்கப்பட்டோரிலும் கொல்லப்பட்டோரிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சிசோபிரினியா நோயாளர்கள் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தலைமுறையின் நோயாளர்களை அநேகமாக முழுவதுமாகத் துடைத்தழித்தும், போருக்குப் பின் ஜேர்மனியில் புதிதாக இந்த நோய்க்கு ஆளானோர் தொகை குறையவில்லை. ‘இந்தப் பரம்பரை இத்தோடு அறவேண்டும்’ என்ற வாதத்தின் கடைசி எல்லை அதுதான். இன அழிப்பின் வலி அறிந்த ஒரு மண்ணில் அதே வாதம், சின்னக் குரலிலானாலும், புழங்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மரபு விதிக்கும் வாய்ப்பின் மேல் வாழ்க்கை ஏற்றும் சுமை வேறு. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியை நாஜிப் படைகள் பட்டினி போட்டன. அந்தப் பட்டினியின் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பிற்காலத்தில் இந்த நோய் ஏறத்தாழ இருமடங்காக வந்தது. சீனத்தின் 1959–61 பஞ்சத்திலும் அதே முடிவு. இதை வாசிக்கும் வன்னிக்காரர் எவருக்கும் 2009 நினைவுக்கு வராமல் போகாது. இறுதிப் போர் முடிந்த மே 18 வரையான அந்த மாதங்களில் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை கஞ்சியில் உயிர் தாங்கிய கர்ப்பிணித் தாய்மார் இருந்தார்கள். எஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது பதினாறு வயதை எட்டிக் கடந்துகொண்டிருக்கிறார்கள். சிசோபிரினியா பெரும்பாலும் தலைகாட்டும் வயது தொடங்குவது இங்கேதான். நெதர்லாந்தின் கணக்கை அப்படியே வன்னிக்குப் போடக்கூடாது. இருமடங்கு என்றாலும் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான், மற்றவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு பேரை முதல் மாதத்திலேயே கண்டுபிடிப்பதும் ஐந்து வருடம் கழித்துச் சங்கிலியோடு கண்டுபிடிப்பதும் ஒன்றாகாது. வடக்கின் கரைகளில் வந்திறங்கும் கேரளக் கஞ்சா இந்த வயதுப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிறது. நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பொருள் என்று அது ஐயமின்றி அறியப்பட்டது. அதைப் பற்றிப் பேச வாய் திறக்காத ஊர்ப் பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பரம்பரையைப் பற்றிப் பேசமட்டும் நேரம் இருக்கிறது.

இந்தப் பேச்சு பிள்ளைகளின் சிகிச்சையையும் பறிக்கிறது. மகன் இரவில் தூங்காமல் தனியே கதைக்கத் தொடங்கும்போது தாய்க்கு முதலில் வருகிற பயம் அவனைப் பற்றியதல்ல. ‘வெளியில தெரிஞ்சால் தங்கச்சியைக் கட்டிக்குடுக்கேலாது.’ அதனால் கிளினிக் தள்ளிப்போகிறது. செய்வினை என்று சொன்னால் பழி வேறொருவர்மேல் போகும், பரம்பரைமேல் வராது. ஆகவே கழிப்பு, நூல், மந்திரம். ‘சண்டையில வந்தது, தானா மாறும்’ என்பதும் அதே பயத்தின் இன்னொரு மறைப்பு. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதை நாம் குறை சொல்லவில்லை. நம்பிக்கையையும் சடங்கையும் மருத்துவத்தோடு இணைத்துக்கொள்ளலாம் என்று வடக்கில் பல்லாண்டு உழைத்த பேராசிரியர் தயா சோமசுந்தரமே எழுதியிருக்கிறார். மருந்தை நிறுத்திவிட்டுச் சடங்கை மட்டும் வைத்திருப்பதே கேடு. சிகிச்சையின்றிக் கழிகிற காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால், ஏர்வாடி தர்காவை அண்டியிருந்த காப்பகமொன்றில் 2001 ஓகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் குடும்பத்தார்தான். அவர்களும் அன்பில்லாதவர்கள் அல்லர்.

ஆகவே திருத்தம் வேண்டும், அதுவும் இப்போதே. தமிழ்ப் பத்திரிகைகள் ‘பரம்பரை மனநோய்’ என்ற சொற்றொடரைச் செய்திகளிலிருந்து நீக்கவேண்டும். குற்றச் செய்திகளில் மருத்துவச் சான்றில்லாமல் ‘மனநோயாளி’ என்று எழுதுவதை நிறுத்தவேண்டும். விஞ்ஞான ஆசிரியர்கள் மெண்டலின் பட்டாணியையும் நிறக்குருட்டையும் கற்பிக்கும் அதே வகுப்பில், மனநோய்கள் அந்தக் கணக்கில் கடத்தப்படுவதில்லை என்று இரண்டு நிமிடம் செலவழித்துச் சொல்லவேண்டும். தரகர்மார் இந்தக் கேள்வியைத் தொழிலாக்குவதை விட்டுவிடவேண்டும்.

சுகாதாரத் துறையிடம் நம் கேள்வி இன்னும் கடுமையானது. மாதாந்த ஊசிக்குத் துணுக்காயிலிருந்தோ கொக்குத்தொடுவாயிலிருந்தோ பஸ் ஏறி வருகிற தாய்க்கு, “மற்றப் பிள்ளைகளுக்கும் வருமோ?” என்ற ஒரே கேள்விதான் நெஞ்சில் இருக்கிறது. கிளினிக்கில் கொப்பியில் மருந்து எழுதி அனுப்பினால் போதாது. அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து, எண்களோடு, அவளுக்கு விளங்கும் தமிழில் பதில் சொல்ல ஒருவர் ஒவ்வொரு மனநலக் கிளினிக்கிலும் நியமிக்கப்படவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் நிகழ்ந்த மருந்துத் தட்டுப்பாடு மனநோய் மருந்துகளுக்கு இனி ஒருபோதும் நேரக்கூடாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களும் வலயக் கல்விப் பணிப்பாளர்களும் ஒரு மேசையில் கூடவேண்டும். 2009இல் பிறந்த பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு பாடசாலையிலும், திடீரெனப் படிப்பில் சரிந்து, தூக்கம் கெட்டு, சந்தேகமும் தனிமையுமாக ஒதுங்கும் பிள்ளையை அடையாளம் காணவும், பெயர் வெளியே போகாமல் வைத்தியரிடம் சேர்க்கவும் ஒரு ஆசிரியரையாவது பயிற்றவேண்டும். அந்தப் பயிற்சி தொடங்கும் திகதியை அடுத்த தவணைக்கு முன் பகிரங்கமாக அறிவிக்கும்படி கேட்கிறோம்.