வளர்ப்பைக் குறை சொல்லாதீர்கள்



மனநோயும் போதையும் சேர்ந்து பிடித்த பிள்ளையோடு வாழும் பெற்றோர் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு தாய், பொழுது சாய்ந்ததும் காய் நறுக்கும் கத்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார். "வளர்ப்பு சரியில்லை" என்ற உறவினர் பேச்சு அதைவிடக் கொடுமை.

மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பையும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாகவே கொள்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், நோயாளியின் நியமனப் பிரதிநிதி (பெற்றோராகவும் இருக்கலாம்) விண்ணப்பித்து, இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்து உறுதிசெய்தால் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

சுகாதாரத் துறையினரே, இவற்றை எங்கள் பகுதி அரசு மருத்துவமனைச் சுவர்களில் தமிழிலும் எழுதி வையுங்கள். பெற்றோருக்கென்றே வாரம் ஒருநாள் ஆலோசனை நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு வாசகர்,
சித்தூர், பாலக்காடு மாவட்டம்