சுவருக்குள் இருக்கும் 230 வோல்ட்

திருகோணமலை உட்துறைமுக வீதிக் கடையொன்றில், யூ.எஸ்.பி. துளைகள் பொருத்திய சுவர்க் குதையொன்றைக் கண்டேன். தரமுத்திரை எங்கே என்று வினவினேன். "ஐயா, எல்லாரும் இதைத்தானே வாங்குகினம்" என்றார் கடைக்காரர்.

இலங்கையில் 13 அம்பியர் சதுர முனைச் செருகியே தரம் என்னும் விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. நன்று. ஆனால் இங்கே ஆபத்து துளையின் வடிவத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சிறு மின்மாற்றியின் காப்பு மலிவானதாயின், அது பழுதாகும் நாளில் கைப்பேசியின் உலோக விளிம்பிலேயே மின்சாரம் பாயும். ஆளியை அணைத்தாலும் பல குதைகளில் இச்சுற்று இயங்கியபடியே இருக்கும். துறைமுகத்து உப்புக்காற்றோ இரவும் பகலும் அதை அரிக்கும்.

முத்திரையற்ற குதைகளைக் கடையிலிருந்து அகற்றுவது அதிகாரிகளின் கடமை. அதுவரை வாங்காதிருப்பது நம் கடமை. எல்லாரும் வாங்குகிறார்கள் என்பது தரச்சான்று ஆகாது.