தகடூர்க் கொல்லனின் தண்ணீர்த் தொட்டி

அதியமான் என்றதும் நம் கட்டுரைகள் நெல்லிக்கனியோடு நின்றுவிடுகின்றன. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்று பாடியதாகக் கருதப்படும் புறநானூற்று 95ஆம் பாடலில், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. எனக்கு அந்தப் பட்டறையே முக்கியமாகப் படுகிறது. அவனது தகடூர்தான் இன்றைய தருமபுரி. 2004இல் அம்மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாக 2022இல் அறிவிக்கப்பட்டது.

பட்டறையில் நடப்பதைக் கூர்ந்து சொன்னவர் ஐயூர் மூலங்கிழார் (பாண்டிய நாட்டுச் செய்தி, தகடூர்க்காரர்கள் பொறுத்தருள்க). உக்கிரப்பெருவழுதி கைப்பற்றிய கானப்பேர்க் கோட்டையை இனி மீட்க இயலாது என்பதற்கு, காய்ந்த இரும்பு குடித்த நீரை 21ஆம் பாடலில் உவமையாக்குகிறார். சங்கத் தமிழர் வெப்ப இயக்கவியலை அறிந்திருந்தனர் என்று இதை வைத்து மேடையில் முழங்குவோர் உண்டு. உவமையணி என்று எழுதிவிட்டு நகரும் உரைகளும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 900 டிகிரியில் ஒரு கிலோ இரும்பை, 30 டிகிரியில் உள்ள 5 லிட்டர் நீரில் தோய்த்தால், ஆவி போகாதென்று கொண்டால், இரண்டும் ஏறத்தாழ 48 டிகிரியில் சமநிலை அடையும். நீரின் தன்வெப்பம் இரும்பினதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். ஆகவே தொட்டி அவ்வளவாகச் சூடேறுவதில்லை. புலவர் கண்டதோ வேறு. நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தால், அதே இரும்பு 100 டிகிரிக்கு ஆறுவதற்குள் ஏறத்தாழ 140 மில்லி நீரை ஆவியாக்கிவிடும். இரும்பு குடித்ததாகத் தோன்றுவது அந்த நீர்தான்.

இழந்த வெப்பமும் பெற்ற வெப்பமும் சமம் என்று பள்ளியில் எழுதுகிறோம். அந்தச் சமன்பாட்டில் திசை இல்லை. 48 டிகிரித் தொட்டி தன் வெப்பத்தைத் தானாகத் திருப்பித் தந்து இரும்பை மீண்டும் சிவக்க வைத்தாலும் அது பிழையாகாது. அப்படி நடவாது என்பதைத் தனி விதியாகவே 1850இல் கிளாசியஸ் எழுத வேண்டியிருந்தது. மூலங்கிழாரிடம் விதி இல்லை, அளவும் இல்லை. ஆனால் மீளாமை என்ற ஒன்றைத்தான் அவர் அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொண்டார். நம் கலவைமுறைக் கணக்குகள் இறுதி வெப்பநிலையைக் கேட்பதோடு முடிந்துவிடுகின்றன. தருமபுரிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர் இப்பாடலைக் கரும்பலகையில் எழுதித் தொடங்கினால், தமிழாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்.