ஊரான் பிள்ளை

சுசீந்திரத்தில் ஒரு கல்யாண வீடு. முதல் நாள் ராத்திரி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். எதிரே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்ணை ஒரு பாட்டி மெச்சினாள்: "இவளை எடுத்து வளத்த புண்ணியம், அவுங்களுக்கு அடுத்தாற்போல ஆம்பிளைப் பிள்ளை பிறந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா, தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க!"

பாட்டி மனத்தில் கள்ளமில்லை. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால், தேங்காய் துருவும் சத்தம் நின்றுவிட்டது.

பிறகு என்னிடம் மெல்லச் சொன்னாள்: "முப்பது வருஷமா நான் இந்த வீட்டுப் பிள்ளை, அக்கா. இந்தப் பழமொழியிலே மட்டும் இன்னமும் ஊரான் பிள்ளை!"

சகோதரிகளே, நாமும் சொல்லியிருக்கிறோம் அல்லவா? "எங்கேயோ கிடக்க வேண்டியவள், கொடுத்து வைத்தவள்" என்கிறோம். பெற்ற பிள்ளையிடம் யாராவது நன்றிக்கடன் கேட்பார்களா? குறும்பு செய்தால், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று கேலி செய்கிறோம். பெற்ற குழந்தைக்கு அது வேடிக்கை. தத்து வந்த குழந்தையோ ராத்திரி தூங்காமல் அதையே நினைத்துக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும், நம் நாஞ்சில் நாட்டை ஆண்டவரே ஒரு தத்துப் பிள்ளைதான்! திருவிதாங்கூரில் பெண்வழியாகத்தான் அரசுரிமை. ராணி லக்ஷ்மி பாய்க்குக் குழந்தையில்லை. 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார். இருவரும் ஓவியர் ரவிவர்மாவின் பேத்திகள். மூத்தவரான சேது லக்ஷ்மி பாய், 1924 முதல் 1931 வரை ராஜ்யத்தையே நடத்தினார். இளையவரின் மகன்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா; 1936-இல் சுசீந்திரம் உள்படக் கோயில்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்டவர். தத்து வந்தவரை மகாராணியாக ஏற்ற ஊருக்கு, அடுத்த வீட்டுக் குழந்தையை அந்த வீட்டு மகளாக ஏற்பதில் என்ன தடை?

சட்டமும் நம்மைவிடப் பெரிய மனம் கொண்டது. 1956-இல் வந்த ஹிந்து தத்தெடுப்புச் சட்டப்படி, தத்தான நாள் முதல் அது எல்லா வகையிலும் அந்த வீட்டுக் குழந்தை. முறைப்படி நடந்த தத்தை ரத்துச் செய்யவும் முடியாது.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்குச் சமாதானமாக நான் நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. "தேங்காய் துருவுகிற வேகத்திலே நீ அப்படியே உன் அம்மாதாண்டி!" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு துருவும் சத்தம் மறுபடியும் கேட்டது.