உதிரிபாகத்துக்கும் ஒரு ரசீது வேண்டும்

ஐம்பது வயதைக் கடந்த கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் 'விண்டேஜ்' வண்டிகளாகப் பதிவு செய்ய வழிசெய்து, 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 'விஏ' என்ற எழுத்துகள் தாங்கிய தனி எண் வரிசை, பத்தாண்டு செல்லுபடி, புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று எல்லாம் வகுத்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் அதிலுள்ள ஒரு நிபந்தனை பைக்குகளின் நடைமுறையோடு ஒட்டவில்லை. வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்வது போன்ற பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. ஜமீன் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற கார் இந்தச் சோதனையில் தேறிவிடும். பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்து, பல கை மாறி, கடைசியில் கொல்லையில் துருவேறிக் கிடந்து, வேறு வண்டிகளின் பாகங்களை வாங்கிக்கொண்டு மறுபடி எழுந்த ஒரு புல்லட் எப்படித் தேறும்? பழைய பைக்கின் பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் தொழிற்சாலையை விட்டு வந்தவையா என்று கேட்பது வீண் வேலை. ஒவ்வொரு முக்கிய பாகமும் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறதா என்றுதான் சட்டம் கேட்க வேண்டும்.

புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1949 முதல் இங்கே விற்பனையாகி, 1950-களில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் கேட்டு வாங்கிய வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் நடந்தது, கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைக் கோத்துப் பூட்டும் வேலைதான். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்தில் 1970-இல் உற்பத்தி நின்றுபோனது. இங்கோ 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அதே அடிப்படையில் அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் 2000-களின் இறுதிவரை ஓடியது. அதனால்தான் தொண்ணூறுகளில் செய்த ஒரு கியர்பாக்ஸ் ஷெல்லைக் கழற்றி அறுபதுகளின் வண்டியில் பூட்ட முடிகிறது. கார்புரேட்டர், வயரிங், மரை அளவு ஆகியவற்றில் வேறுபாடு உண்டு; பட்டறைக்காரர்களுக்கு அது தெரியும். மைசூரின் ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்ட பின்னும் ஜாவாவும் யெஸ்டியும் சாலையில் தென்பட்டதற்குக் காரணமும் இதுதான். ஒன்று ஓட, இன்னொன்று பாகம் கொடுத்தது. புதுப்பேட்டைக் கடைகளும், ஊர் ஊராக உள்ள காயலான் கடைகளும், 'என்னிடம் ஒரு டேங்க் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கொடுக்கும் சக பிரியர்களும் இல்லாதிருந்தால், விதி பாதுகாக்க நினைக்கும் பைக்குகளில் பெரும்பாலானவை என்றோ உலையில் உருகியிருக்கும்.

சட்டம் எந்த இடத்தில் சறுக்குகிறது என்பது இன்ஜினைப் பிரித்தால் தெரியும். கிராங்க்கேஸ் இரண்டு பாதிகளாக இருக்கும். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றாக முடுக்கிவைத்துத்தான் பேரிங் உட்காரும் இடங்களைக் கடைவார்கள். அதனால் ஒரு வண்டியின் இடப் பாதியையும் இன்னொன்றின் வலப் பாதியையும் சேர்த்தால் கிராங்க் நேராகச் சுழலாது. புது பேரிங் போட்டாலும் சீக்கிரமே தேய்ந்து சத்தம் கொடுக்கும். ஒரு பாதி விரிசல் விட்டு, வெல்டிங்குக்கும் அடங்கவில்லை என்றால், இன்னொரு இன்ஜினின் ஜோடியையே எடுத்தாக வேண்டும். இன்ஜின் எண் பொறித்திருப்பதும் அந்தக் கிராங்க்கேஸின் மேல்தான். ஆக, ஓர் உடைந்த வார்ப்பை மாற்றினால் காகிதத்தில் அது 'வேறு இன்ஜின்' ஆகிவிடுகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும், அசல் என்ற தகுதியும் கேள்விக்குள்ளாகிறது. அதே இன்ஜினில் பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரல், ஹெட், வால்வு, கேம் என உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழைய கிராங்க்கேஸை மட்டும் வைத்திருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்றாம் முறை ரீபோர் செய்த பேரலும் லைனர் இறக்கிய பேரலும் 'அசல்' கணக்கில் வந்துவிடுகின்றன. எண்ணைப் பார்த்து வண்டியை அடையாளம் காண்பது பதிவு அலுவலகத்துக்கு வசதிதான். பாரம்பரியத்தை மதிப்பிட அது போதாது.

இங்கே எழும் வலுவான ஆட்சேபம் திருட்டு பற்றியது. காணாமல்போன வண்டிகள் இரவோடு இரவாகப் பிரிக்கப்பட்டு உதிரிபாகங்களாகக் கரைவது போலீஸார் நன்கு அறிந்த விஷயம். பழைய பாகங்களுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தால் திருடனுக்கு வழி திறந்துவிட மாட்டோமா? கேள்வி நியாயமானது. ஆனால் இன்று இருப்பது ரசீதே இல்லாத வியாபாரம்; திருடனுக்கு அதைவிட வசதியான ஏற்பாடு எது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒரு வண்டி அழிந்துபோனாலோ இனி ஓடாது என்றானாலோ 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது. அதைச் செய்பவர்கள் மிகவும் குறைவு. வண்டி எடைக்குப் போய்விடும், ஆர்.சி. புத்தகம் பீரோவில் உயிரோடு இருக்கும். பிறகு அந்தப் புத்தகம் தனியே விலைபோய், எங்கிருந்தோ வந்த ஒரு ஃபிரேமுக்கு முகவரி ஆகிவிடுகிறது. பாகம் கொடுக்கும் வண்டியின் ஆர்.சி.யை ரத்து செய்து, அதன் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் எந்த வண்டிக்குப் போயின என்று ஒரு வரி பதிவு செய்தால் இந்தத் தில்லுமுல்லில் பாதி அடங்கும். இலவசமாகக் கொடுத்ததற்கும் ஒரு கடிதம், கொடுத்தவரின் கையெழுத்து, பழைய எண், இவ்வளவு போதும்.

இது கற்பனை யோசனை இல்லை. பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பில் 'மறுகட்டமைக்கப்பட்ட கிளாசிக்' என்றே ஒரு வகை உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளிலிருந்து பாகங்கள் வந்திருக்கலாம். ஆனால் அவை எல்லாம் அந்தக் காலத்து அசல் பாகங்களாக, 25 ஆண்டுகளுக்கு மேற்பட்டவையாக, ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அந்த வண்டிக்கான கிளப் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். 2025 ஆகஸ்டில் இன்னொரு படி போய், பழைய வண்டியின் தோற்றமும் பதிவு விவரங்களும் மாறாதபடி அதே மாதிரிப் பாகத்தை மாற்றினால் தெரிவிக்கவே தேவையில்லை என்று தளர்த்தினார்கள். இங்கே ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று ஜாவா–யெஸ்டி தினம் கொண்டாட ஊருக்கு ஊர் கூடுகிறார்களே, அவர்களில் ஒரு கார்புரேட்டரைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே எந்த ஆண்டு மாடல் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவைச் சான்றளிக்கப் பயன்படுத்திக்கொள்ள அரசுக்கு என்ன தயக்கம்?

சேகரிப்பாளர்கள் சிலர் வேறு கோணத்தில் ஆட்சேபிப்பார்கள். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்தினால்தான் மதிப்பு என்பது அவர்கள் கட்சி. அப்படிப்பட்ட வண்டிக்குக் கூடுதல் விலை கிடைக்கட்டும், தவறில்லை. (அந்த எண் பெருமை பேசும் வண்டிகள் சிலவற்றில் தொழிற்சாலை கனவிலும் பூசாத அளவுக்கு குரோம் மின்னுவதையும் பார்க்கிறோம்.) ஆனால் மாற்றமே சில வண்டிகளின் வரலாறாக இருப்பதும் உண்டு. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோலும் உதிரிபாகமும் கிடைக்காமல், சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒன்று மிஞ்சியிருந்தால், அதன் ஒட்டுவேலைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஷோரூம் நிலைக்குக் கொண்டுவருவது பாதுகாப்பாகுமா?

பாதுகாப்பு என்றதும் சாலைப் பாதுகாப்பும் வந்துவிடுகிறது. அதில் நான் கறார். மட்கார்டு, ஹெட்லைட் கூடு, டூல்பாக்ஸ், ஹப், கார்புரேட்டர் பாடி எல்லாம் பழையதாக இருக்கலாம், இருப்பதே அழகு. பிரேக் ஷூ, கேபிள், டயர், செயின், வீல் பேரிங் எவ்வளவு நல்ல மனசோடு யார் கொடுத்தாலும் வேண்டாம். பழைய ஃபோர்க் குழாயும் ஃபிரேமும் கோணல் பார்க்காமல் பூட்டக் கூடாது. புகையைப் பற்றிய கவலைக்கு விதியிலேயே பதில் இருக்கிறது: விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். மிச்சமிருப்பது கட்டணம். பெரிய செல்வந்தரின் ரோல்ஸ் ராய்ஸுக்கும் கிராமத்து மெக்கானிக் பத்து இடத்தில் பாகம் கேட்டுச் சேர்த்த புல்லட்டுக்கும் ஒரே 20,000 ரூபாய் என்பது கொஞ்சமும் சரியில்லை. இருசக்கர வண்டிக்கு அதைக் கால்வாசியாகக் குறைத்து, மறுகட்டமைக்கப்பட்ட வண்டிகளுக்கு ஒரு தனி வகையும், பாகம் கொடுத்த வண்டியின் எண்ணை எழுத ஒரு கட்டமும் விண்ணப்பத்தில் சேர்த்தால் போதும். இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. விதித் திருத்த அறிவிப்பு ஒன்றே போதுமானது.