கல்வெட்டுல உங்க பேரு... மரத்துக்கு எங்கே பேரு?



உங்க வார்டு நடைபாதைப் பூங்காவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. வாசலில் பளபளன்னு ஒரு கல்வெட்டு இருக்கும். அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் என்று வரிசையாகப் பெயர்கள். உள்ளே நிற்கிற மரங்களில் ஒன்றுக்காவது பெயர்ப்பலகை இருக்கா? டியூஷன் விளம்பரத் தகடு மட்டும் ஆணி அடிச்சுத் தொங்கும்!

சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. பெயர் தெரியாத மரத்தை வெட்டுவது சுலபம். "ஏதோ ஒரு மரம் சார், வயருக்கு இடைஞ்சலா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதே இடத்தில் "இலுப்பை. இந்தத் தெரு மக்கள் நட்டது" என்று ஒரு பலகை நின்றால், ரம்பத்தோட வர்றவர் ஒரு நிமிஷம் யோசிப்பார். தெருவில் நாலு பேர் கேள்வி கேட்பாங்க.

முடியாத காரியமா இது? சென்னை கோட்டூர்புரத்தில் அடையாறு ஆற்றோரம் போய்ப் பாருங்க. குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலத்தில் 2006-ல் 'நிழல்' அமைப்பும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து நம்ம மண்ணின் மரங்களை நட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அது மரப் பூங்கா. 'மர நடை' என்று சாதாரண ஜனங்களைக் கூட்டிட்டுப் போய் இலையைக் காட்டி, பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, மரத்தை அறிமுகம் செய்கிற வேலையையும் 'நிழல்' செய்கிறது. ஒரு தன்னார்வ அமைப்பு செய்ததை, வரி வாங்குகிற மாநகராட்சிகள் வார்டுக்கு ஒன்று செய்ய முடியாதா?

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தலமரம் புன்னை. புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்ததே புரசு மரம்தான். அங்கே துணி எடுக்கப் போற எத்தனை பேருக்கு புரசு எப்படி இருக்கும்னு தெரியும்? பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதின தலைமுறையோட இந்த அறிவு முடிஞ்சு போகணுமா?

2016 வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் இழந்தது. எந்த மரம் தாங்கியது, எது சாய்ந்தது என்று தெருவாரியாகக் கணக்கு இருந்தால்தானே அடுத்து எதை நடுவது என்று தெரியும்? ஆனால் நமக்குச் சொல்லப்படுவது நட்ட கன்றுகளின் எண்ணிக்கை மட்டும். பிழைத்தது எத்தனை? அதைக் கேட்டா பதில் வராது.

"பலகை வச்சா மரம் பிழைச்சிடுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. பலகை மட்டும் போதாது, சட்டமும் வேணும். தமிழ்நாட்டு மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. சமவெளி மரங்களுக்கு 2021-ல் அரசாணை மூலம் பசுமைக் குழுக்கள். மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களுக்கு 1975-லேயே சட்டம், கர்நாடகத்தில் 1976-ல், டெல்லியில் 1994-ல். நம்ம தெரு மரத்துக்கு மட்டும் குழு போதுமா?

நாம் கேட்பது இதுதான். மக்கள் நட்டு வளர்த்த நடைபாதை மரங்கள் ஒவ்வொன்றும் மாநகராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். பலகையில் தமிழ்ப் பெயர் முதலில், கீழே தாவரவியல் பெயர். மரத்தில் ஆணி அடிக்காமல் பக்கத்தில் கம்பம் நட்டு வைக்கணும்.

கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும், நம்ம கட்சியாவே இருந்தாலும், மனு கொடுங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க நடைபாதையில் உள்ள பத்து மரங்களைப் படம் எடுத்து, பெயரோட கமெண்ட்டில் போடுங்க. பெயர் தெரியலையா? தெரியலன்னே போடுங்க. யாராவது ஒரு பாட்டி வந்து சொல்லிடுவாங்க.

#மரத்துக்கும்_பேருண்டு