கிலோக் கணக்கில் அடங்காத தொழில்

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவரும் எண்ணத்துடன், மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வெடிபொருள் மசோதா 2024இன் வரைவை அதே ஆண்டில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. குவாரிக்காரர்களும் பட்டாசு ஆலைக்காரர்களும் தங்கள் சங்கங்கள் வழியாகப் பேசிக்கொள்வார்கள். எக்ஸ்ப்ளோசிவ் ஃபார்மிங் (வெடிவைத்துத் தகட்டுக்கு உருக்கொடுப்பது), கிளாடிங் (வெடிவைத்து உலோகத்தின் மேல் உலோகத்தை ஒட்டுவது), வெப்பப் பரிமாற்றிக் குழாய்களை வெடிவைத்து விரிப்பது, அடைப்பது என்று இருக்கும் நாம் சிறு கூட்டம். நாம் எழுதாவிட்டால் நமக்காக எழுத ஆளில்லை.

தண்டனைப் பிரிவுகளில் நமக்கு மறுப்பில்லை. விதியை மீறி வெடிபொருள் வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதத்தின் உச்சவரம்பு 3,000 ரூபாய். வரைவு அதை 50,000 ஆக்குகிறது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதியில் மீறினால் ஒரு லட்சம். 2023 டிசம்பரில் நாக்பூரை அடுத்த பஜார்காவ் வெடிபொருள் ஆலையில் நடந்த வெடிப்பில் 9 உயிர்கள் போனதைப் பார்த்த தொழில் இது. கூட்டியது போதாது என்றுகூடச் சொல்லலாம்.

நம்மைத் தொடுவது வேறொரு பிரிவு. உரிமம் பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்குள் எவ்வளவு வெடிபொருளைக் கையாளலாம் என்ற அளவு உரிமத்திலேயே எழுதப்படும் என்கிறது வரைவு. குவாரிக்கு இது பொருந்தும். இத்தனை டன் கல்லுக்கு இத்தனை கிலோ வெடிமருந்து என்று அங்கே முன்கூட்டியே சொல்லிவிட முடியும். தகட்டுக்கு உருத்தரும் அச்சான டையின் முன்னால் நிற்பவரால் அப்படிச் சொல்ல முடியாது.

ஃபார்மிங் நீர்த்தொட்டிக்குள் நடக்கிறது. நீருக்கடியில் உச்ச அழுத்தம் மருந்தின் எடையோடு நேராக ஏறுவதில்லை. எடையின் கனமூலத்தைத் தொலைவால் வகுத்து வரும் எண்ணைச் சார்ந்தே ஏறுகிறது. நீருக்கடி வெடிப்புகள் பற்றி 1948இல் வெளிவந்த கோலின் நூலிலிருந்து நாம் அனைவரும் போட்டுவரும் கணக்குதான். எடையை இரட்டித்தால் அழுத்தம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். எடையைத் தொடாமல் ஸ்டாண்ட்-ஆஃபை, அதாவது மருந்துக்கும் தகட்டுக்கும் இடையிலான தொலைவை, பாதியாக்கினால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். தகடு எப்படி உட்காரும் என்பதில் மருந்தின் எடைக்குள்ள பங்கு இவ்வளவே. மிச்சத்தை நீர்மட்டம், மருந்தின் வடிவம், விளிம்புப் பிடிமானம், டைக்குழியின் வெற்றிடம் ஆகியவை தீர்மானிக்கின்றன. வெற்றிடத்தில் சிறு கசிவு இருந்தால் போதும்: சிக்கிய காற்று நொடியின் சிறு பகுதிக்குள் அமுங்கிச் சூடேறித் தகட்டின் முகத்தைக் கருக்கிவிடும். பிடிமானம் தளர்ந்தால் விளிம்பில் சுருக்கம் விழும், இறுகினால் தோளில் கிழியும். புதிய டைக்கு நல்ல உருப்படி எத்தனையாவது ஷாட்டில் (வெடிப்பில்) வரும் என்று எந்த அனுபவசாலியும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆண்டின் நடுவில் அளவு தீர்ந்தால், பாதி உருவான டோமும் லட்சங்களை விழுங்கிய டையும் தொட்டியோரம் கிடக்க வேண்டியதுதான்.

பழைய சட்டத்தின் கீழும் நம் நிலைமை நன்றாக இருந்ததில்லை. நமக்குத் தெரிந்த ஒரு தொழிற்கூடம் ஃபார்மிங் சோதனைக்கு விண்ணப்பித்தபோது, எந்தச் சர்வே எண்ணில் பாறை உடைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. பாறையே கிடையாது, தண்ணீர்த் தொட்டிக்குள் தகடு என்று வரைபடத்தோடு பதில் போனது. மறுபடியும் அதே கேள்வி. கடைசியில் பக்கத்து குவாரியின் உரிமத்தையும் அவர்களுடைய வெடிப்பாளரையும் நம்பி வேலை நடந்தது. அந்த மனிதர் தம் தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் அவர் கற்றது பாறையைப் பிளக்க. அதிர்வலை தகட்டை எந்தக் கோணத்தில் தொட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தருவதற்கான பயிற்சியும் சான்றிதழும் இந்த நாட்டில் எங்கே இருக்கின்றன? சாட்டர்ன் 5 ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குக்கான அலுமினிய வளைதகடுகள் 1960களில் கலிபோர்னியாவின் எல் டோரோவில் நீர்த்தொட்டிக்குள் வெடிவைத்து உருவானவை. அரை நூற்றாண்டு கடந்த செய்முறைக்கு நம் விண்ணப்பப் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம்கூட இல்லை. கேட்கும்போதெல்லாம் பாதுகாப்பு என்ற ஒரே பதில். பாதுகாப்புக்காகத்தான் நாமும் கேட்கிறோம். இரவல் உரிமத்தில் நடக்கும் வேலையில் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று உரிமம் தரும் அலுவலகங்கள் ஒரு நாளாவது யோசித்திருக்குமா?

வெடிமருந்தை விட்டு மின்தேக்கிக்கு மாறிவிடுங்களேன் என்ற யோசனையும் வருகிறது. சின்ன உருப்படிகளுக்கு எலெக்ட்ரோஹைட்ராலிக்கும் மின்காந்த ஃபார்மிங்கும் அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் பெட்டின் (PETN) வெடிமருந்து தருவது ஏறக்குறைய 580 கிலோஜூல். 10 கிலோவோல்ட்டில் அதைத் தேக்க 11,600 மைக்ரோஃபாரட் வேண்டும். இரண்டு மீட்டர் டோமுக்காக எந்தச் சிறு தொழிற்கூடம் அத்தனை பெரிய மின்தேக்கித் தொகுப்பைக் கட்டும்?

ஆகவே இவ்விதழ் துறைக்கு அனுப்பும் கருத்து இது. உலோக உருவாக்கத்தையும் கிளாடிங்கையும் தனிப் பயன்பாடாகச் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இந்தப் பயன்பாட்டில், ஒரு ஷாட்டுக்கான உச்ச எடையையும் ஒரே நேரத்தில் இருப்பு வைக்கும் உச்ச எடையையும் உரிமம் கட்டுப்படுத்தட்டும். சோதனைக் காலத்தில் ஷாட்டுகளின் மொத்த எண்ணிக்கைக்குப் பூட்டு வேண்டாம். ஒவ்வொரு ஷாட்டும் பதிவேட்டில் ஏற வேண்டும், ஆய்வாளர் எப்போது வந்தாலும் அதைக் காட்ட வேண்டும். ஃபார்மிங் வெடிப்பாளருக்கென்று தனிச் சான்றிதழ் வேண்டும். அதன் பாடத்திட்டத்தை எழுத நம்மில் ஆட்கள் இருக்கிறார்கள்.

வாசகர்கள் தத்தம் பெயரில் தனித்தனியே எழுதுங்கள். கையில் இருக்கும் ஷாட் பதிவேட்டின் நகலையும் இணையுங்கள்: மருந்தின் வகை, எடை, ஸ்டாண்ட்-ஆஃப், நீர்மட்டம், வெற்றிட அளவு, கிடைத்த ஆழம். வெடிக்காமல் போன ஷாட்டுகளையும் அவற்றை எப்படி அப்புறப்படுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சேருங்கள்.